ஆழ்கடலில் ஓர் ஒலிப்பாதை

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புக் கருத்தரங்கிற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தலைப்புகளைப் பங்கிட்டார்கள். மீக்கடத்துதிறன் ஒருவருக்கு, லேசர் ஒருவருக்கு, கருந்துளை மற்றொருவருக்கு. எனக்கு வந்தது “கடலில் ஒலி பரவுதல்.” என் முகம் சுருங்கியதை மறைப்பானேன்? இரண்டு புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுத்து, கரும்பலகையில் நான்கு படம் வரைந்து, “ஆழ்கடல் ஒலிப்பாதையைக் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஈவிங்” என்று கூறி என் பேச்சை முடித்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் பேராசிரியர், “அவர் ஒருவர்தாமா?” என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன். “நூலகத்தில் பார்த்துவிட்டு வாரும்” என்றார்.

அவ்வாறு பார்க்கப் போனதன் பயனே இக்கட்டுரை. தேடப் போனது ஒரு பெயரை. கிடைத்ததோ ஒரு வாழ்க்கை. அவர் பெயர் லியோனிட் மக்ஸிமோவிச் பிரெகோவ்ஸ்கிக். நம் நாவிற்குச் சற்றுக் கடினமான பெயர்தான். ஆயினும் கடலின் உள்ளே ஒலி எவ்வாறு செல்கின்றது என்று எழுதப்படும் எந்த நூலிலும் இப்பெயரைத் தவிர்த்துவிட்டுச் செல்ல இயலாது.

அவர் பிறந்தது 1917-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள். ருஷ்யப் புரட்சி நிகழ்ந்த அதே ஆண்டு. வட ருஷ்யாவில் ஸ்ட்ரூன்கினோ என்னும் சிற்றூர், உழவர் குடும்பம். கடற்கரையில் பிறந்தவரல்லர், கப்பலோட்டிகளின் மரபில் வந்தவருமல்லர். யூரல் மலைப்பகுதியிலுள்ள பெர்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். தலைநகரின் புகழ்பெற்ற கல்லூரியில் பயின்றால்தான் விஞ்ஞானி ஆகலாம் என்று எண்ணி ஏங்கும் நம்மில் சிலர் இதனைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே பெர்ம் நகரின் பெயரை இங்கே எழுதுகின்றேன்.

பின்னர் மாஸ்கோவிலுள்ள லெபெடேவ் இயற்பியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள் படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவது பற்றியது. கடலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1941-இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணிற்குள் நுழைந்தன. படிகங்களைப் பற்றிச் சிந்திக்க அதன்பின் எவருக்கு நேரமிருக்கும்?

அக்காலத்தில் ஜெர்மானியர் கடலில் விதைத்த கண்ணிவெடிகளுள் ஒருவகை, கப்பலின் ஓசையைக் கேட்டு வெடிப்பது. கப்பல் வந்து முட்ட வேண்டுவதில்லை. இயந்திரத்தின் இரைச்சலும் சுழல்விசிறியின் ஓசையும் வெடிக்குள் இருக்கும் ஒலிவாங்கியில் பட்டால் போதும். இவற்றிலிருந்து கப்பல்களைக் காக்கும் வழி காண வேண்டி, லெபெடேவ் கழகத்தில் நிக்கோலாய் ஆந்திரேயெவ் தலைமையில் இயங்கிய ஒலியியல் ஆய்வகம் முனைந்து உழைத்தது. இளைஞர் பிரெகோவ்ஸ்கிக் அங்கே மாற்றப்பட்டார். எக்ஸ் கதிரும் அலை, ஒலியும் அலை. கணக்கு ஒன்றே என்று அவருடைய மேலோர் எண்ணினர் போலும். அந்த எண்ணம் தவறாகவில்லை.

இனி 1946-ஆம் ஆண்டிற்கு வருவோம். போர் முடிந்துவிட்டது. ஜப்பான் கடலில் சோவியத் விஞ்ஞானிகள் ஒலிச் சோதனை நடத்தினர். தொலைவில் நீருக்குள் வெடிகளை வெடிக்கச் செய்து, கடலில் இறக்கிய ஒலிவாங்கிகளால் கேட்பது சோதனை. தொலைவு கூடக்கூட ஒலி மங்கிச் சாக வேண்டும் என்பதே பாடநூல் விதி. ஆனால் அது சாகவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்த வெடியும் தெளிவாகக் கேட்டது. இன்னொரு விந்தையும் இருந்தது. வெடி என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. தொலைவில் கேட்டதோ ஒரு கணத்து ஓசையன்று. இடி உருள்வதுபோல் நெடுநேரம் நீடித்து, போகப்போக ஓங்கி, உச்சத்தை எட்டியதும் கத்தியால் அறுத்தாற்போல் நின்றுவிட்டது. மங்கி மறையவேண்டிய ஓசை ஓங்கி முடிந்தது.

அப்போது அவருக்கு வயது 29. கருவியில் ஏதோ பழுது என்று அந்தப் பதிவை ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். நாமாக இருந்தால் அவ்வாறே செய்திருப்போம். செய்முறைத் தேர்வில் விடை மாறி வந்தால் அளவீட்டையே திருத்தி எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று சொல்ல முடியுமா? அவர் திருத்தவில்லை. காரணத்தைத் தேடினார்.

காரணம் என்ன என்பதைச் சற்று விளக்கமாகக் கூற விரும்புகின்றேன். கருத்தரங்கில் நான் அவசரமாகக் கடந்து சென்ற இடம் இதுவே.

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயினும் எங்கும் ஒரே வேகமன்று. நீர் சூடானால் வேகம் கூடும். ஒரு பாகை வெப்பத்திற்கு நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் எனக் கொள்ளலாம். அழுத்தம் கூடினாலும் வேகம் கூடும். 100 மீட்டர் ஆழத்திற்கு நொடிக்கு 1.7 மீட்டர் அளவில். உப்பின் அளவும் ஓரளவு மாற்றம் செய்யும். இப்போது கடலின் மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கிச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே வெயில் காய்ந்த நீர். ஒலி விரைந்து செல்லும். கீழே போகப்போகக் குளிர், வேகம் குறையும். ஓர் ஆழத்திற்குக் கீழே நீரின் குளிர்ச்சியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அழுத்தமோ ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே வேகம் மறுபடியும் கூடுகிறது. இரண்டிற்கும் நடுவே, வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருந்தாக வேண்டும் அன்றோ? அதுவே ஒலிப்பாதையின் அச்சு.

ஒலிக்கு ஒரு குணமுண்டு. வேகம் குறைந்த பக்கமாகவே அது வளையும். இரவு நேரத்தில் நெடுந்தொலைவிலுள்ள கோயில் மணியோசை நம் வீட்டு வாசலில் கேட்பதேன்? பகலில் கேட்காததேன்? இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கிறது. மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே ஏறிய ஒலி குளிர்ந்த பக்கமாகிய தரையை நோக்கி வளைந்து வருகிறது. கடலிலும் அப்படியே. அச்சிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய ஒலிக்கதிர் கீழே வளைக்கப்படுகிறது. கீழ்நோக்கிச் சென்றது மேலே வளைக்கப்படுகிறது. கடலின் மேற்பரப்பில் மோதி அலைகளால் சிதறடிக்கப்படவும் இல்லை. அடித்தளத்துச் சேற்றில் புதைந்து இழக்கப்படவும் இல்லை. நெளிந்து நெளிந்து அச்சைச் சுற்றியே ஓடுகிறது. எல்லாத் திசையிலும் பரவும் ஒலி, தொலைவு பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகக் குறையும்; இவ்வாறு இரண்டு அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட ஒலியோ பத்தில் ஒரு பங்காகவே குறையும். தாழ்ந்த சுருதியுள்ள ஒலியை நீர் உறிஞ்சுவதும் மிகக் குறைவு.

சரி, அந்த இடியோசை? அங்கேதான் கணக்கின் அழகு இருக்கிறது. அச்சிலிருந்து வெகுவாக விலகி, பெரிய நெளிவுகளாகச் செல்லும் கதிருக்குப் பாதை நீளம். எனவே அது பிந்தி வரவேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் அது செல்லும் இடமெல்லாம் வேகம் மிகுந்த நீர். ஆகவே சுற்றி வளைத்துச் செல்பவன் முந்தி வருகிறான். அச்சின் வழியே நேராகச் செல்பவனுக்குப் பாதை குறுகியது. ஆனால் வேகமோ மிகக் குறைவு. அவன் கடைசியில் வருகிறான். அச்சை ஒட்டி வரும் கதிர்கள் நெருங்கி வருவதால் ஓசை ஓங்குகிறது. கடைசிக் கதிர் வந்து சேர்ந்ததும் அதற்குப் பின்னால் வர ஒன்றுமில்லை. ஓசை சட்டென்று நின்றுவிடுகிறது. தெருச்சுற்றிப் போனவன் முதலிலும் குறுக்கு வழியில் போனவன் கடைசியிலும் வரும் இந்த வேடிக்கையை வகுப்பில் சொல்லத் தவறியதற்காக இன்றும் வருந்துகின்றேன்.

ஜப்பான் கடலில் நீர் சில நூறு மீட்டருக்குள்ளேயே கடுங்குளிராகிவிடுகிறது. எனவே அங்கே அச்சும் மேலேயே இருக்கிறது. வெப்பக் கடல்களில் அது ஆயிரம் மீட்டர் அளவு ஆழத்தில் கிடக்கும். எளிய கருவிகளை அவ்வளவு ஆழத்திற்கு இறக்குவது அந்நாளில் பெரும்பாடு. இவ்வகையில் அவருக்கு இடம் துணை செய்தது. அதிர்ஷ்டம் என்பாரும் உளர். அதிர்ஷ்டம் பதிவைத் தந்தது. விளக்கத்தை அவரே தந்தார்.

இனிப் பேராசிரியரின் கேள்விக்கு வருவோம். முதலில் கண்டவர் யார்? மாரிஸ் ஈவிங்கும் அவருடைய துணைவர் வொர்ஸலும் 1944-இல் அட்லாண்டிக் கடலில், பஹாமாத் தீவுகளுக்கு அப்பால், “சலூடா” என்னும் கப்பலிலிருந்து சோதனை நடத்தி, 900 கடல்மைலுக்கு அப்பால் வெடித்ததைக் கேட்டனர். கடலில் விழுந்த விமானிகள் ஒரு சிறு வெடியை ஆழத்தில் வெடிக்கச் செய்தால், கரையிலுள்ள நிலையங்கள் அவர்கள் இருக்குமிடத்தைக் கணித்துக் காப்பாற்றலாம் என்பது அவர்களுடைய திட்டம். எனவே காலத்தால் முந்தியவர் ஈவிங்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் அது போர்க்கால இரகசியம். நூலாக வெளிவந்தது 1948-இல். பிரெகோவ்ஸ்கிக் 1946-இல் கண்டபோது அமெரிக்கர் கண்டதை அறிந்திருக்க வழியில்லை. அவருடைய கோட்பாட்டுக் கட்டுரை சோவியத் விஞ்ஞானப் பேரவையின் இதழில் 1949-இல் வெளிவந்தது. ஒரே கடல், ஒரே விதி; உலகின் இரு கோடிகளில் இரண்டு பேர், இரண்டு பூட்டிய அறைகளுக்குள் இருந்துகொண்டு ஒரே உண்மையைக் கண்டனர். என் பேச்சில் நான் கூறியது பொய்யன்று, பாதி மெய்.

இந்தப் பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலொலி ஆராய்ச்சிக்கு இரு நாட்டு அரசுகளும் பொன்னை வாரிக் கொடுத்ததற்குக் காரணம் விஞ்ஞானக் காதலன்று. நீர்மூழ்கிக் கப்பல்களே காரணம். ஐம்பதுகளிலிருந்து அமெரிக்கக் கடற்படை கடலடியில் ஒலிவாங்கி வரிசைகளைப் பதித்து, இதே ஒலிப்பாதையின் வழியே சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசையை ஒற்றுக் கேட்டு வந்தது. 1991-இல்தான் அதன் மேலிருந்த இரகசியத் திரை விலகியது. ஆகவே பிரெகோவ்ஸ்கிக் எழுதியவற்றில் எத்தனை பக்கங்கள் பேழைக்குள் கிடந்திருக்கும் என்று எண்ணும்போது ஒரு மாணவன் என்ற முறையில் எனக்கு வருத்தமே தோன்றுகிறது. கண்டதைச் சொல்ல முடியாமல் இருப்பது விஞ்ஞானிக்கு எவ்வளவு பெரிய தண்டனை!

ஆனால் அவர் ஒரு வழி கண்டார். கணிதம் எவர்க்கும் இரகசியமன்று. அடுக்கடுக்காக அமைந்த ஊடகத்தில் அலைகள் எவ்வாறு செல்லும் என்ற பொதுக் கேள்வியை எடுத்துக்கொண்டு “அடுக்கு ஊடகங்களில் அலைகள்” என்னும் பெருநூலை 1957-இல் வெளியிட்டார். 1960-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. கடலுக்கு மட்டுமா அது பொருந்தும்? வானொலி அலைகளுக்கும், நில அதிர்வு அலைகளுக்கும், ஒளிக்கும் அதே கணக்கு. எந்த நாட்டு மாணவனும் அதனைத் திறந்து படிக்கலாம். எங்கள் நூலகத்தில் அந்நூல் இல்லை. அவர் லிசானோவ் என்பவருடன் சேர்ந்து எழுதிய “கடல் ஒலியியலின் அடிப்படைகள்” என்னும் பிற்காலத்து நூல் இருந்தது. அதன் முதல் அத்தியாயம் நம்மால் படிக்கக் கூடியதே. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து கைத்துணை வேண்டும்.

1951-இல் அரசுப் பரிசு, 1953-இல் விஞ்ஞானப் பேரவையின் துணை உறுப்பினர் பதவி, அடுத்த ஆண்டே மாஸ்கோ ஒலியியல் கழகத்தின் முதல் இயக்குநர் பதவி என அவர் உயர்ந்ததை விரிக்க வேண்டுவதில்லை. பதவிகளின் பட்டியலைப் படிப்பது எவருக்கும் சுவையான செயலன்று. அக்கழகத்திற்கு “செர்கேய் வவிலோவ்,” “பியோத்தர் லெபெடேவ்” என்று இரண்டு ஆராய்ச்சிக் கப்பல்கள் கிடைத்தன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கப்பல் பேசும், மற்றது கேட்கும். இரண்டும் இணைந்து உலகக் கடல்களெல்லாம் சுற்றின.

அவருடைய வாழ்வின் இரண்டாம் பெருநிகழ்ச்சி ஒலியைப் பற்றியதன்று. நீரோட்டத்தைப் பற்றியது. நடுக்கடலின் ஆழத்தில் நீர் மிக மெதுவாக, ஒரே சீராக, ஒரு திசையில் நகர்கின்றது என்றே ஐம்பதுகள் வரை நம்பினர். 1959-60-இல் ஜான் ஸ்வாலோ என்னும் ஆங்கிலேயர் பெர்முடாவிற்கு அருகே, குறித்த ஆழத்தில் மிதந்து செல்லும் குழாய்களை விட்டுப் பார்த்தார். அவை மெதுவாகவும் செல்லவில்லை. ஒரு திசையிலும் செல்லவில்லை. நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு வேகத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓடின. இதற்குப் பொருள் என்ன?

சோவியத் விஞ்ஞானி விளாதிமிர் ஷ்டொக்மான் இதற்கு ஒரு வழி கூறிவந்தார். கப்பல் ஓடிக்கொண்டே ஓரிடத்தில் ஒருமுறை அளந்துவிட்டுப் போவதால் பயனில்லை. கடலில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே பல மிதவைகளை நங்கூரமிட்டு, மாதக்கணக்கில் விடாமல் அளக்க வேண்டும் என்றார். 1967-இல் நம் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அரபிக் கடலில் அத்தகைய சோதனையொன்று நடந்தது. ஆனால் காலம் போதவில்லை. மறு ஆண்டே, 1968-இல், ஷ்டொக்மான் காலமானார்.

அவர் கேட்டதை முழுமையாகச் செய்து முடிக்கும் பொறுப்பு பிரெகோவ்ஸ்கிக்கிடம் வந்தது. 1968-இல் பேரவையின் முழு உறுப்பினராகி, மறு ஆண்டு கடலியல் துறையின் செயலாளரான அவர், 1970-இல் “பாலிகன்-70” என்னும் பயணத்திற்குத் தலைமை தாங்கினார். வெப்பமண்டல அட்லாண்டிக்கின் நடுவே, நிலமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிலுவை வடிவில் 17 மிதவைகளை நிறுத்தினர். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்டது. ஒவ்வொரு மிதவையின் கீழும் 1,500 மீட்டர் ஆழம் வரை நீரோட்டமானிகள் தொங்கின. அவை காகித நாடாவில் எண்களைத் தாமே அச்சிடும் கருவிகள். ஆறு கப்பல்கள், ஆறு மாதங்கள். மிதவைகளைத் தூக்குவதும், நாடாவை மாற்றுவதும், மறுபடி இறக்குவதும் இடைவிடாது நடந்தன. நீரோட்டமானியைக் கயிற்றில் கட்டிக் கடலில் ஆறு மாதம் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை, ஆய்வுக்கூடத்தில் ஊசல்குண்டின் நூலை அறாமல் காப்பாற்றவே திணறும் நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எண்களைத் தொகுத்து வரைபடமாக்கியபோது அந்த இடத்தின் வழியே ஒரு பெருஞ்சுழல் கடந்து செல்வது தெரிந்தது. நூறு கிலோமீட்டர் அளவினது. நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் போல மேற்கு நோக்கி நகர்ந்தது. வானத்தில் புயற்சின்னம் எப்படியோ, கடலுக்குள் அது அப்படி. கடலுக்கும் தன் “வானிலை” உண்டு என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. கடல்நீரின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி பெரிய நீரோட்டங்களில் அன்று, இத்தகைய சுழல்களிலேயே அடங்கியுள்ளது என்பது இன்று அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஷ்டொக்மான் இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தால் அந்த வரைபடத்தைக் கண்ணால் கண்டிருப்பார்.

இம்முறை பூட்டு இல்லை. முடிவுகள் 1971-இலேயே மேல்நாட்டு இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1973-இல் அமெரிக்கர் “மோட்” என்னும் தங்கள் சோதனையைச் செய்தனர். பின்னர் பாலிகனும் மோடும் இணைந்து “பாலிமோட்” ஆயின. 1977-78-இல் இரு நாட்டுக் கப்பல்களும் ஒரே கடலில், ஒரே திட்டத்தில் அளந்தன. பனிப்போரின் நடுவே இது நடந்ததென்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. கடலுக்கடியில் இரு நாட்டு நீர்மூழ்கிகளும் ஒன்றையொன்று ஒற்றுக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை!

1991-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் ஒரு சோதனை நடத்தினார். இந்துமாக் கடலின் தென்கோடியிலுள்ள ஹெர்ட் தீவருகே ஒரு கப்பலிலிருந்து 57 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலி எழுப்பினர். கடல் சூடேறினால் ஒலி விரைந்து வரும்; வந்து சேரும் நேரத்தை ஆண்டுதோறும் அளந்தால் உலகக் கடலின் வெப்பமானியாக அது பயன்படும் என்பது எண்ணம். அந்த ஒலி ஒலிப்பாதையின் வழியே உலகின் பாதியைச் சுற்றிச் சென்றது. பல நாட்டவர் காத்திருந்து கேட்டனர். அட்லாண்டிக்கில் கிரைலோவ் என்னும் கடலடி மலையருகே கேட்டுப் பதிவு செய்தவர்கள் மாஸ்கோ ஒலியியல் கழகத்தார். பிரெகோவ்ஸ்கிக் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த கழகம். அவ்வாண்டின் இறுதியில் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று.

1996-இல் அவருக்கு வால்டர் மங்க் விருது கிடைத்தது. விருதை வழங்கியவர்களுள் அமெரிக்கக் கடற்படையும் அடங்கும். 2005-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் மாஸ்கோவில் தமது 87-ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்வளவையும் குறிப்பெடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் சென்றேன். “ஐயா, அவர் ஒருவரல்லர், இருவர்” என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம் வங்கக் கடலில் அந்த அச்சு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?” என்றார். மறுபடியும் நூலகம். ஏறத்தாழ 1,700 மீட்டர் என்று மறுநாள் போய்ச் சொன்னேன்.

“மற்ற வெப்பக் கடல்களில் ஆயிரம் என்றீரே, இங்கே மட்டும் ஏன் அவ்வளவு ஆழம்?” என்றார்.

— முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு